மேசைக்கணினி மென்பொருளுக்குள் மாந்தோப்பு வரைபடம்: வெப்வியூ2 போதுமா?

கேள்வி (கிருஷ்ணகிரி):
வணக்கம். இங்குள்ள ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலைக்காக டபிள்யூபிஎஃப்பில் (விண்டோஸ் மென்பொருள்களுக்குத் திரை அமைக்கும் மைக்ரோசாஃப்ட் கருவி) கொள்முதல் மென்பொருள் எழுதி வருகிறேன். போச்சம்பள்ளி, சந்தூர், காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோப்புகள் வரைபடத்தில் புள்ளிகளாகத் தெரிய வேண்டும்; ஒரு புள்ளியைச் சொடுக்கினால் அந்த விவசாயியின் சரக்கு விவரம் பக்கப் பலகத்தில் திறக்க வேண்டும். மென்பொருளுக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் வெப்வியூ2-க்குள், வரைபடம் வரையும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான லீஃப்லெட்டை வைத்திருக்கிறேன். பலகமும் அதே ஹெச்டிஎம்எல் பக்கத்தில்தான் உள்ளது. அதை மூடினால் அது இருந்த இடம் சாம்பல் நிறமாகவே நிற்கிறது. தோப்புகளின் இருப்பிடம் உள்ள ஜியோஜேசான் கோப்பிலிருந்து எண்களை எடுத்து மார்க்கர் (இடத்தைக் காட்டும் குறி) வைத்தும் தோப்பு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கொள்முதல் நிலையங்களில் இணையமும் நிலையாக இருப்பதில்லை.

மறுமொழி 1 (ஓசூர்):
சாளரத்தின் அளவு மாறினால்தான் லீஃப்லெட் தானாக அறியும். பக்கத்தின் உள்ளே ஒரு டிவ் (பக்கத்தின் ஒரு பகுதி) மட்டும் விரிந்தால் அறியாது. பலகம் மூடியதும், அளவை மீண்டும் பார்க்கச் சொல்லும் லீஃப்லெட்டின் இன்வேலிடேட்சைஸை அழையுங்கள். அதைவிட, பலகத்தை டபிள்யூபிஎஃப் பக்கம் நகர்த்திவிட்டு, சொடுக்கிய தோப்பின் எண்ணை மட்டும் போஸ்ட்மெசேஜ் (பக்கத்திலிருந்து மென்பொருளுக்குச் செய்தி அனுப்பும் வழி) வழியாக அனுப்புவதே நல்லது என்பேன். தரவுத்தளம் எப்படியும் அந்தப் பக்கம்தானே இருக்கிறது.

புள்ளிகள் எங்கும் போய்விடவில்லை. ஜியோஜேசானில் தீர்க்கரேகை முதலில் வரும்; லீஃப்லெட்டின் மார்க்கரோ அட்சரேகையை முதலில் கேட்கும். கிருஷ்ணகிரியின் 12.5, 78.2 இடம் மாறினால் நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுகளின் அருகே போய் விழும். வரைபடத்தைச் சுருக்கிப் பாருங்கள், அங்கே மாந்தோப்புகள் இருக்கும்!

மறுமொழி 2 (தருமபுரி):
இணையம் இல்லாத இடத்துக்காக ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (பொதுமக்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடம்) சர்வரிலிருந்து டைல்களை, அதாவது வரைபடத்தின் சதுரப் படத் துண்டுகளை, மொத்தமாக இறக்கி வைக்க நினைக்காதீர்கள். அவர்களுடைய விதி அதைத் தடுக்கிறது. ஆனால் அந்தப் படங்களுக்கு அடிப்படையான வரைபடத் தரவை எடுத்துப் பயன்படுத்தத் தடையில்லை. ஜியோஃபேப்ரிக் தளத்தில் அதை இறக்கி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் உங்கள் மாவட்டத்துக்கு மட்டும் எம்பிடைல்ஸ் கோப்பு (டைல்கள் அனைத்தும் அடங்கிய ஒரே கோப்பு) உருவாக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு ஜூம் நிலைக்கும் டைல்கள் நான்கு மடங்காகும் என்பதால், தோப்பின் வரப்பு தெரியும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்தக் கோப்பு உண்மையில் ஓர் எஸ்கியூலைட் தரவுத்தளம். அதில் டைல்களின் வரிசை எண் தெற்கிலிருந்து தொடங்குவதால் லீஃப்லெட்டுக்குக் கொடுக்கும்போது தலைகீழாக மாற்ற வேண்டும். டபிள்யூபிஎஃப்பிலேயே வரைபடம் காட்டும் மேப்சூய் கட்டுப்பாட்டுக்கு மாறினால், அது பயன்படுத்தும் புரூடைல் நூலகம் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். வரைபடத்தின் மேல் டபிள்யூபிஎஃப் பொத்தான்களை மிதக்கவிடும் எண்ணம் இருந்தாலும் மேப்சூய்தான் வசதி, ஏனெனில் வெப்வியூ2-இன் வழக்கமான கட்டுப்பாடு தனிச் சாளரமாக நின்று அவற்றை மறைத்துவிடும்.

கேட்டவர்:
நன்றி. எண்களை இடம் மாற்றியதும் தோப்புகள் வந்துவிட்டன. பொத்தான்களும் தேவைப்படுவதால் மேப்சூய்க்கே மாறுகிறேன். இணையம் இல்லாதபோதும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பெயரை மூலையில் காட்ட வேண்டுமா?

மறுமொழி 2:
ஆம், தரவு அவர்களுடையது. கட்டாயம் காட்ட வேண்டும்.