கலைச்சொல்: பாடுபவர் காதுக்குப் போகும் ஒலிக்கு என்ன பெயர் வைக்கலாம்?

ஈரோட்டிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

பாடுபவருக்குப் பாடும்போதே ஹெட்போனில் ஒலி அனுப்பும் ஏற்பாட்டுக்கு (ஹெட்போன் மானிட்டரிங்) இந்த இழையில் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்குக் கரூர் ஐயா முன்வைத்த 'தலையணிக் கண்காணிப்பு அமைப்பு' எனக்கு ஒத்துவரவில்லை. ஃபோல்ட்பேக் என்ற ஆங்கிலச் சொல்லை வைத்துக் கோபி அண்ணன் சொன்ன 'மடிப்பொலி'யும் அப்படியே. மறுத்துவிட்டு மட்டும் போனால் முறையாகாது. அதனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் இந்த ஏற்பாட்டை எப்படிச் செய்கிறோம் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எங்கே எந்தச் சொல் தேவைப்படுகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். வேலை பழக வரும் பையன்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன், ஆகவே எனக்கு அவசரமும் உண்டு.

கண்காணிப்பு என்றதும் நம் பக்கத்தில் நினைவுக்கு வருவது முச்சந்தியில் மாட்டிய கேமராதான். சரி, அது பழகிவிடும் என்று வைத்துக்கொள்வோம். பொருளிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. மானிட்டர் என்ற ஒரே சொல்லை ஸ்டூடியோவில் இரண்டு வேலைக்குப் பயன்படுத்துகிறோம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் பொறியாளர் கேட்பது பதிவு சரியா என்று எடைபோட. அந்தப் பக்கம் மைக் முன்னால் நிற்பவர் கேட்பது பாடுவதற்காக. அவர் எதையும் கண்காணிப்பதில்லை. சுருதியும் தாளமும் தன் குரலும் காதில் வந்தால் பாடுவார், வராவிட்டால் நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே தமிழ்ச்சொல் தேடியதால்தான் இழை இவ்வளவு நீண்டுவிட்டது.

பழைய சொல் ஏதாவது கிடைக்காதா என்று பொள்ளாச்சி அக்கா கேட்டிருந்தார். கிடைப்பது கடினம். கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜாவும், சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸும் ஓகோவென்று நடந்த காலத்தில் பாடுபவரும் வாத்தியக்காரர்களும் சேர்ந்து நின்று ஒன்றாகப் பதிவு செய்வதே வழக்கம். பக்கத்தில் வயலின் வாசிப்பவரைப் பாடுபவர் நேரடியாகக் கேட்கலாம். வாத்தியங்களை முன்பே பதிந்துவிட்டுக் குரலைத் தனியாகப் பதியும் பழக்கம் பரவிய பிறகுதான் காதுக்குத் தனியாக ஒலி அனுப்பும் தேவை பெரிதானது. செயலே புதிது, சொல்லும் புதிதாகத்தான் இருக்க வேண்டும்.

இனி ஏற்பாட்டுக்கு வருகிறேன்.

மைக்கிலிருந்து வரும் குரல் ஒரு பக்கம், ஏற்கெனவே பதிந்த டிராக் இன்னொரு பக்கம். இரண்டையும் கலந்து பாடுபவரின் ஹெட்போனுக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கலவை நான் கேட்கும் கலவையிலிருந்து தனியாக இருக்க வேண்டும் என்பதுதான் முழு விஷயமும். நான் தபலாவை மட்டும் தனியாகக் கேட்க நினைத்துக் குரலின் ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டையை) இறக்குவேன். அப்போது பாடுபவரின் காதிலும் குரல் இறங்கிவிட்டால் அந்தத் தடவை பதிந்தது (டேக்) வீண். அதனால் ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரில் ஆக்ஸ் சென்ட் என்கிற வழியில், ஃபேடருக்கு முன்னாலேயே ஒலியைப் பிரித்து எடுக்கிறோம். கீழ்பவானிப் பாசனத்தில் வயல் வைத்திருப்பவருக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: மதகுக்கு மேலேயே பிரியும் வாய்க்காலில், மதகை இறக்கினாலும் தண்ணீர் நிற்காது. ஆகவே ஆக்ஸ் சென்டுக்குக் 'கிளை' என்றும், ஃபேடருக்கு முன் பிரிவதற்கு 'முன்கிளை' என்றும், எதிரொலி, முழக்கம் (ரிவெர்ப், பெரிய கூடத்தில் பாடினாற்போன்ற கார்வை) போன்றவற்றுக்காக ஃபேடருக்குப் பின் பிரிப்பதற்குப் 'பின்கிளை' என்றும் கையேட்டில் எழுதியிருக்கிறேன். இதில் பெரிய எதிர்ப்பு வராது என்று நம்புகிறேன்.

ஹெட்போனை ஹெட்போன் என்றே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. காதொலிப்பான் என்று எழுத விரும்புபவர்கள் எழுதட்டும், சண்டையில்லை. காது முழுவதையும் மூடி, பின்புறமும் அடைத்திருக்கும் வகையைத்தான் பதிவின்போது கொடுக்கிறோம். பின்புறம் திறந்த வகை கேட்க இதமாக இருக்கும், ஆனால் தாளம் காட்ட உள்ளே ஓடும் கிளிக் வெளியே வந்து மைக்கில் ஏறிவிடும். மெல்லிய தாலாட்டுக்கு அடியில் டிக் டிக் என்று கேட்டால் பிறகு அதை எடுப்பது பெரும்பாடு. இதற்குக் 'கசிவு' என்ற சொல் ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருக்கிறது, புதிதாக ஒன்றும் வேண்டாம்.

பலபேர் சேர்ந்து பாடும் கும்மிப் பாட்டு என்றால் ஆளுக்கு ஒரு ஹெட்போன் வேண்டும். ஒரு ஜாக்கில் ஒய் கேபிள் போட்டுப் பிரித்துக் கொடுப்பது பலர் செய்வது. இரண்டும் ஒரே மாதிரி ஹெட்போனாக இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். ஹெட்போனின் மின்தடையை ஓம் கணக்கில் சொல்வார்கள். 64 ஓம் ஹெட்போன் இரண்டை இணையாக மாட்டினால் ஆம்ப்ளிஃபையருக்கு 32 ஓம் சுமையாகத் தெரியும், அதைத் தாங்கும் திறன் அதற்கு இருக்க வேண்டும். வேறுவேறு ஹெட்போனைக் கலந்து மாட்டினால்தான் வம்பு. பெயர்டைனமிக் நிறுவனத்தின் டிடி 770 புரோ என்ற ஒரே மாடலே 32, 80, 250 ஓம் என மூன்று வகையில் கிடைக்கிறது. 32-ஐயும் 250-ஐயும் ஒரே பிரிப்பானில் போட்டால் ஒருவர் "காது வலிக்குதுங்க" என்பார், பக்கத்தில் இருப்பவர் "ஒண்ணுமே கேக்கலைங்க" என்பார். இருவர் சொல்வதும் உண்மை. ஆளுக்கு ஒரு திருகு உள்ள ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் ஒன்று வாங்கிவிட்டால் இந்தப் பஞ்சாயத்து தீர்ந்துவிடும்.

அடுத்தது லேட்டன்சி. குரல் கணினிக்குள் போய்ச் சுற்றிக்கொண்டு காதுக்கு வரும்வரை ஆகும் நேரம். நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் (சாம்பிள்) எடுக்கும் அமைப்பில் பஃபர், அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் மாதிரிகள், 256 என்று வைத்தால் ஒரு பஃபருக்கு 5.3 மில்லிவினாடி. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று, அதற்கு மேல் ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் மாற்றிகள் எடுக்கும் நேரமும் உண்டு. பத்தைத் தாண்டிவிடும். காற்றில் ஒலி 10 மில்லிவினாடியில் ஏறக்குறைய 3.4 மீட்டர் போகும், மேடையில் அந்தத் தூரத்தில் நின்று வாசிப்பவரோடு சேர்ந்து பாடுகிறோமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, வாத்தியத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தவும் செய்யும். குரலுக்குப் பொருந்தாது. தன் குரல் பாடுபவருக்கு எலும்பு வழியாக உடனே கேட்டுவிடுகிறது. ஹெட்போனில் தள்ளி வரும் அதே குரல் அதோடு கலக்கும்போது சில அதிர்வெண்களில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 1 மில்லிவினாடி தள்ளி வந்தாலே 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ் என்ற வரிசையில் பள்ளம் விழும். பாடுபவருக்கு இந்தக் கணக்கு தெரியாது, "என் குரல் மாதிரியே இல்லீங்க" என்று மட்டும் சொல்வார்.

லேட்டன்சிக்குத் 'தாமதம்' என்று பலர் எழுதுகிறார்கள். பாட்டுக்கு அழகு சேர்க்க நாமே வேண்டுமென்று போடும் டிலேக்கும் அதே சொல் வந்துவிடுகிறது. 'குரலில் தாமதம் அதிகம்' என்று பையன் எழுதி வைத்தால், குறை சொல்கிறானா, செய்த வேலையைச் சொல்கிறானா என்று தெரியாது. எனவே லேட்டன்சிக்குச் 'சுணக்கம்', டிலேக்குத் 'தாமதம்'. சுணக்கம் என்ற சொல்லிலேயே வேண்டாத காரியம் என்ற தொனி இருக்கிறது, அது நமக்கு வசதி.

சுணக்கத்தைத் தவிர்க்க, மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியில், மைக் ஒலியைக் கணினிக்குப் போகும் முன்பே பிரித்து நேராக ஹெட்போனுக்கு விடும் வசதி உண்டு. டைரக்ட் மானிட்டரிங் என்பது இதுதான். கணினியில் போடும் முழக்கம் காதுக்கு வராது என்பது ஒன்றே குறை. முழக்கம் சேராத வறண்ட குரலைக் கேட்டுப் பாடச் சிலர் கூச்சப்படுவார்கள். அதற்கு முழக்கத்தை மட்டும் கணினியிலிருந்து அனுப்பலாம். அது சற்றுச் சுணங்கி வந்தாலும் யாருக்கும் தெரியாது.

உடுக்கையடித்துக் கதைபாடுபவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அண்ணன்மார் கதை பாடுபவரின் இரண்டு காதையும் மூடினால் பாட்டு செத்துவிடும். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அழுத்தி நாதத்தை ஏற்றி இறக்கும்போது அந்த அசைவு அவர் காதுக்கு நேராகப் போக வேண்டும், கை அதை வைத்துத்தான் அடுத்த அடியைப் போடுகிறது. அதனால் ஒரு காதை மட்டும் மூடச் சொல்கிறோம். கழற்றிய பக்கத்துக் கிண்ணம் மைக்குக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும், அந்தப் பக்கத்து ஒலியை மறக்காமல் அடைத்துவிட வேண்டும். கிளிக்கும் இவர்களுக்கு உதவாது. கதையோடு வேகம் ஏறி இறங்கும் பாட்டை ஒரே சீரான தட்டுக்குள் கட்டிப்போட முடியாது. பின்பாட்டுக்காரரையும் கூட நிறுத்தி ஒன்றாகப் பதிவு செய்வதே மேல்.

இப்போது பெயர். பாடுபவரின் காதுக்கு நாம் ஒன்றைக் கொடுக்கிறோம், அளந்து, கலந்து, அவருக்கு ஏற்ற மாதிரி. கூடத்தில் உள்ளவர்கள் பேசுவதைக் கேளுங்கள்: "டிராக்கைக் கொறைச்சுக் குடுங்க", "வாய்ஸ் இன்னும் கொஞ்சம் குடுங்க". வினைச்சொல் கொடுப்பதுதான். அதனால் 'செவியூட்டு' என்று முன்வைக்கிறேன்.

வினையாகவும் வரும், பெயராகவும் வரும். பாடுபவருக்குப் போகும் கலவை 'செவியூட்டுக் கலவை'. நாம் பேசிக்கொண்டிருக்கும் மொத்த ஏற்பாடு 'செவியூட்டு அமைப்பு'. டைரக்ட் மானிட்டரிங் 'நேரடிச் செவியூட்டு'. மேடையில் காலடியில் சாய்த்து வைக்கும் ஸ்பீக்கருக்கு 'மேடைச் செவியூட்டு'. ஒலியின் அளவு 'ஊட்டளவு'. இந்தக் கடைசிச் சொல் எனக்கு முக்கியம். வேலையிடப் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் (NIOSH) நிறுவனம் சொல்லும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும், 94-க்குப் போனால் ஒரு மணி நேரம்தான். நாள் முழுக்கக் காதை மூடிக்கொண்டு நிற்பவர்களுக்கு ஊட்டளவை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பெயர் இருந்தால்தான் கையேட்டில் விதியாக எழுத முடியும்.

பொறியாளர் எடைபோடக் கேட்பதற்குச் 'சரிகேட்பு' என்கிறேன். சரிபார்ப்பு இருக்கும்போது சரிகேட்பும் இருக்கலாமே. கன்ட்ரோல் ரூமில் உள்ள மானிட்டர் ஸ்பீக்கர் 'சரிகேட்பு ஒலிபெருக்கி'.

'ஒத்து' என்ற சொல்லையும் யோசித்தேன். நாதசுரத்துக்குப் பக்கத்தில் சுருதி பிடிக்கும் ஒத்து, கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் ஒத்து ஊதுபவன் என்ற பேச்சு ஊரெல்லாம் ஓடுகிறது. எந்தப் பொறியாளரும் அந்தப் பட்டத்தை விரும்பமாட்டார்.

உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து:

தம்பிக்கு, முன்கிளை, பின்கிளை இரண்டும் நன்றாக இருக்கின்றன, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். செவியூட்டுக்கு ஒரு சின்னத் தடை. எங்கள் ஊரில் 'கன்னு ஊட்டுது' என்றால் கன்றுக்குட்டி பால் குடிக்கிறது என்று பொருள். ஊட்டுவது தாயா, கன்றா என்று கேட்டால் கன்றுதான் என்பார்கள். அப்படிப் பார்த்தால் செவியூட்டு என்பது செவி குடிப்பதா, செவிக்குக் கொடுப்பதா? எனக்கு இரண்டும் சம்மதம்தான். ஆனால் இலக்கணம் பார்ப்பவர்கள் கேட்பார்கள், பதில் தயாராக இருக்கட்டும். ஹெட்போன் ஆம்ப்ளிஃபையருக்குச் 'செவியூட்டி' என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்பான்கள்.

கரூரிலிருந்து:

கண்காணிப்பை நான் விட்டுவிடுகிறேன். இரண்டு வேலை, இரண்டு சொல் என்ற வாதம் சரி. ஆனால் 'சரிகேட்பு' வேண்டாம். உங்கள் மடலை வீட்டில் வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தவர் "சீர்கேட்டு ஒலிபெருக்கியா?" என்றார். ஒலித்துறைச் சொல்லே காதில் தவறாக விழுந்தால் எப்படி? 'தேர்கேள்வி' என்று வைக்கலாமா? தேர்ந்து கேட்பது.

ஈரோட்டிலிருந்து:

அக்கா, ஊட்டுக்குப் பதில் இருக்கிறது. சோறூட்டு, பாலூட்டு என்று பெயர் முன்னால் வந்தால் கொடுப்பவர் பக்கம்தான் பொருள் நிற்கும். பாலூட்டி என்று பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது, கன்றைப் பாலூட்டி என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அங்கே முன்னால் நிற்பது ஊட்டப்படும் பொருள், இங்கே ஊட்டப்படும் இடம். அதைச் 'செவிக்கு ஊட்டு' என்று விரித்துக்கொள்ளலாம், நான்காம் வேற்றுமைத் தொகை. செவியூட்டியைக் கைவிட்டேன், பஸ் நேரம் சொல்ல என்னால் ஆகாது. ஆம்ப்ளிஃபையர் ஆம்ப்ளிஃபையராகவே இருக்கட்டும்.

கரூர் ஐயா, 'தேர்கேள்வி' தேர்வில் வரும் கேள்வித்தாளை நினைவூட்டுகிறது. கேள்வி என்ற சொல்லுக்குக் கேட்டறிதல் என்ற பழைய பொருள் உண்டுதான், ஆனால் இன்றைய பையன் வினா என்றுதான் படிப்பான். 'தேர்கேட்பு' என்றால் சீர்கேடும் போய்விடுகிறது, கேள்வித்தாளும் போய்விடுகிறது. உங்கள் பாதியும் என் பாதியும். யாரும் மறுக்காவிட்டால் அதையே எழுதிவிடுகிறேன்.

மீதி இருப்பது டாக்பேக். பொத்தானை அழுத்திக்கொண்டு உள்ளே இருப்பவரோடு பேசும் வழி. 'உட்பேச்சு' என்று எழுதிப் பார்த்தேன், ரகசியம் பேசுவது போல இருந்தது. 'அறைப்பேச்சு'க்கும் அதே கதி. கோபி அண்ணன் இன்னும் வாய் திறக்கவில்லை, மடிப்பொலி போன வருத்தமாக இருக்கலாம். அண்ணா, இதற்கு ஒரு சொல் கொடுங்கள், உங்கள் சொல்லையே போட்டுவிடுகிறேன்.