இரவு ஒரு மணிக்கு மட்டும் சுரிகாட்டா பாக்கெட்டுகளைத் தவறவிடுகிறது

ராக்காவல்:
வணக்கம். அலுவலகத்தின் 10 கிகாபிட் லிங்கில் ஊடுருவலைக் கண்டறிய ஓடும் சுரிகாட்டா சென்சாரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு சாக்கெட், 24 கோர், ஏஎஃப்-பாக்கெட் முறை (லினக்ஸ் கெர்னலிலிருந்து பாக்கெட்டை எடுப்பது), பாக்கெட்டுகளை அலச 20 ஒர்க்கர் த்ரெட். பகலில் 3 கிகாபிட் ஓடினாலும் ஒன்றும் தவறுவதில்லை. இரவு ஒரு மணிக்கு 2 கிகாபிட்தான் ஓடுகிறது, ஆனால் கெர்னல் டிராப், அதாவது சுரிகாட்டா எடுக்குமுன்பே கெர்னலில் விழும் பாக்கெட், 9 சதவீதம் வரை ஏறுகிறது. பாக்கெட் காத்திருக்கும் ரிங் பஃபரின் அளவை இரட்டிப்பாக்கினேன், பாக்கெட்டுகளை ஒன்றாகச் சேர்த்துவிடும் ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ இரண்டையும் அணைத்தேன். பலன் இல்லை. போன மாதம் ஒரு கணினியில் யாரோ நுழைந்த தடயத்தைத் தேடினேன். தேவைப்பட்ட அந்த அரை மணி நேரத்தில்தான் பதிவு ஓட்டையாக இருந்தது. அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

கம்பிவடம்:
கான்ஃபிக் கோப்பின் ஸ்டாட்ஸ் பகுதியில் த்ரெட் வாரியாகக் கணக்கு எழுதச் சொல்லிவிட்டு, டிராப் எந்த த்ரெட்டில் விழுகிறது என்று பாருங்கள்.

ராக்காவல்:
பார்த்தேன். எல்லாம் ஒரே த்ரெட்டில். அந்த கோர் 100 சதவீதம், மற்றவை சும்மா இருக்கின்றன.

கம்பிவடம்:
அப்படியென்றால் யானை ஃப்ளோ, அதாவது ஒரே ஒரு மிகப்பெரிய இணைப்பு. அந்த நேரத்தில் பேக்கப் ஓடுகிறதா? கிளஸ்டர் ஃப்ளோ முறையில் ஓர் இணைப்பின் பாக்கெட்டுகள் அத்தனையும் ஒரே த்ரெட்டுக்குத்தான் போகும். நீங்கள் 40 த்ரெட் போட்டாலும் சுமை பிரியாது. ஸ்ட்ரீம் பகுதியில் பைபாஸைப் போடுங்கள். ரீஅசெம்பிளி ஆழம், அதாவது ஓர் இணைப்பை எதுவரை கோத்துப் பார்ப்பது என்ற வரம்பு, இயல்பில் 1 எம்பி. அதைத் தாண்டிய இணைப்பைச் சுரிகாட்டா அலசாமல் விட்டுவிடும், ஆனால் தொடக்கத்தைப் பார்த்திருக்கும்.

பாக்கெட்டைக் கெர்னலிலேயே வடிகட்டும் பிபிஎஃப் ஃபில்டர் போட்டு பேக்கப் சர்வரையே ஒதுக்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ரான்சம்வேர்காரர்கள் முதலில் தேடிப் போகும் இடங்களில் அதுவும் ஒன்று.

நெல்லைக்காரன்:
இரண்டு சாக்கெட் என்றீர்களே, நெட்வொர்க் கார்டு எந்த நூமா நோடில், அதாவது எந்த சாக்கெட்டின் கோர், மெமரி பக்கத்தில் இருக்கிறது? ஒர்க்கர்களை அதே பக்கத்துக் கோர்களில் கட்டிப்போடுங்கள். 10 கிகாபிட்டில் முழுக்க 64 பைட் பாக்கெட்டாக வந்தால் நொடிக்கு 1.48 கோடி. ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 67 நானோ நொடிதான். எதிர்ப்பக்க மெமரிக்குப் போய்வர அதில் நேரம் ஏது?

ராக்காவல்:
பேக்கப்தான்! பைபாஸ் போட்டதும் இரவு டிராப் 0.1 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. கார்டு நோடு 0-இல் இருந்தது, ஒர்க்கர்களில் பாதி நோடு 1-இல். அதையும் மாற்றினேன். இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ஆனால் பகலில் டிராப் பூஜ்யமாக இருந்தும் ரீஅசெம்பிளி கேப் (இணைப்பைக் கோக்கும்போது தெரியும் ஓட்டை) எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறதே?

கம்பிவடம்:
அப்போது பாக்கெட் பெரும்பாலும் சென்சாருக்கு வருமுன்பே தொலைகிறது. லிங்கின் இரு திசைகளையும் சென்சாருக்கு நகல் அனுப்பும் ஒரே 10 கிகாபிட் மிரர் போர்ட்டில் திணிக்கிறீர்களா? சராசரி 3 கிகாபிட்டாக இருந்தாலும் சில மில்லி நொடிகள் பொங்கினால் போதும், ஸ்விட்ச் கொட்டிவிடும். ஸ்விட்சில் அந்த போர்ட்டின் அவுட்புட் டிராப் எண்ணை எடுத்து இங்கே போடுங்கள், பார்ப்போம்.