கிளைப் பாலிமர் தயாரிப்பில் சிக்கல்: பினாங்கில் யாராவது உதவ முடியுமா?

வணக்கம் அண்ணன்களே, அக்காக்களே. பினாங்கில் முதுகலை ஆய்வு செய்கிறேன். புண்ணுக்குப் போடும் ஜெல்லுக்காக ஹைப்பர்பிராஞ்ச்டு பாலிகிளிசரால் (மரம்போலப் பல கிளைகள் விட்ட பாலிமர்) தயாரிக்கிறேன். ஒழுங்கான கிளை அடுக்குகள் கொண்ட டென்ட்ரிமரைப் போல அடுக்கடுக்காகக் கட்ட வேண்டியதில்லை, ஒரே குடுவையில் முடிந்துவிடும். கிளை நுனியெல்லாம் ஹைட்ராக்சில் (OH) தொகுதி என்பதால் மருந்தைப் பிணைக்க நிறைய இடம் கிடைக்கிறது. இதை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் அதனால்தான்.

மையமாக இருக்கும் டிரைமெத்திலால்புரொப்பேனில் ஏறக்குறைய 10 சதவீத ஹைட்ராக்சிலைப் பொட்டாசியம் மெத்தாக்சைடால் செயலூட்டி, மெத்தனாலை வெற்றிடத்தில் எடுத்துவிட்டு, 95 டிகிரி செல்சியஸில் 12 மணி நேரம், கிளைகளாக வளரும் மூலப்பொருளான கிளிசிடாலைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். வேகமாக விட்டால் கிளிசிடால் மையத்தில் சேராமல் தனியாகவே வளரத் தொடங்கிவிடும். அதனால் சிரிஞ்ச் பம்ப்தான்.

ஆனாலும் மூன்று முறையும், மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜிபிசி சோதனையில் ஒன்றுக்குப் பதில் இரண்டு மேடுகள். எதிர்பார்த்ததைவிட மூலக்கூறு எடையும் குறைவு. எனக்கு ஈரப்பதத்தின் மேல்தான் சந்தேகம். நம் ஊர்க் காற்றைச் சொல்ல வேண்டுமா? ஒரு துளி நீர் இருந்தாலும் அதுவே மையத்தைப் போல இன்னொரு தொடக்கியாகிவிடும். மிஞ்சிய மெத்தனாலும் அப்படித்தான். அப்புறம், பாதியிலேயே கலவை தேன்போல இறுகி, காந்தக் கலக்கி நின்றுவிடுகிறது.

இதைச் செய்து பார்த்தவர்கள் கிளிசிடாலை எப்படி உலர்த்தினீர்கள், வெற்றிடத்தில் எவ்வளவு நேரம் வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ மேலிருந்து சுழலும் மோட்டார் கலக்கி இருக்கும் ஆய்வுக்கூடம் தெரிந்தால், இரண்டு நாள் பயன்படுத்த அனுமதி கேட்க முடியுமா? கிளிசிடால் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதால் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட் கட்டாயம் வேண்டும். பஸ் ஏறி எங்கே வேண்டுமானாலும் வருகிறேன்.