ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னார்கள்

பணம் அனுப்பும் ஆப் ஒன்றை மூன்று வருடமாக, பார்வையற்றவர்களுக்குத் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் உதவியோடு பயன்படுத்தி வந்தேன். ஒரு நாள் அப்டேட் வந்தது. அன்று மாலை ஆட்டோக்காரருக்கு 80 ரூபாய் அனுப்பப் போனால், ‘அனுப்பு’ என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘லேபிள் இல்லாத பட்டன்’ என்றது. விரலைத் தள்ளினால் அடுத்ததும் அதே. எது அனுப்பும், எது ரத்து செய்யும் என்று தெரியாமல் பணத்தில் விளையாட முடியுமா? போனை ஆட்டோக்காரரிடமே கொடுத்தேன். பின் நம்பரையும் சொல்ல வேண்டியதாயிற்று. நல்ல மனிதர், அதனால் தப்பித்தேன்.

கஸ்டமர் கேருக்கு எழுதினேன். ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொன்னார்கள். செய்தேன். திரும்ப எழுதினேன். அதே பதில், கீழே வேறு பெயர். மூன்றாவது முறை ஒருவர் கொஞ்சம் அக்கறையாக, “பிரச்சினை தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க சார்” என்றார். ஸ்கிரீன்ஷாட்டில் எல்லாம் சரியாகத்தானே இருக்கும்! பட்டன் மேல் அம்புக்குறி பளிச்சென்று இருக்கிறதாம், தங்கை சொன்னாள். அந்தப் படத்துக்கு ஆப்பின் புரோகிராமில் ஒரு பெயர் எழுதாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆண்ட்ராய்டில் ‘கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன்’ என்று ஒரே ஒரு வரி.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் முதல் மூன்று மெயில்களும் ‘நாங்கள் மனிதர்கள் இல்லையா’ ரகம். கோபம் நியாயம்தான், ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு டெவலப்பர் எந்த வரியைத் திருத்துவார்? நான்காவது மெயிலில் டாக்பேக் குரலோடு 40 நொடி ஸ்கிரீன் ரெக்கார்டிங் வைத்தேன். போன் மாடல், ஆண்ட்ராய்டு, ஆப், டாக்பேக் மூன்றின் வெர்ஷன், எந்தப் பக்கம், எத்தனையாவது பட்டன், என்ன சொல்கிறது, என்ன சொல்ல வேண்டும். வேறு எதுவும் எழுதவில்லை.

நான்காம் நாள் டெவலப்பரே போன் செய்தார். சின்னப் பையன் குரல். டாக்பேக்கை அவர் கேட்டதே இல்லை. நான் லைனில் இருக்கும்போதே ஆபீஸ் போன் ஒன்றில் ஆன் செய்துவிட்டு, “சார், எதைத் தொட்டாலும் படிக்குது, திறக்க மாட்டேங்குது, ஆஃபும் பண்ண முடியல” என்று பதறினார். இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் போய்விடும் என்றேன். “ஆனா இப்ப ஆஃப் பண்ணாதீங்க தம்பி. தொட்டது எதுன்னு கேட்டுட்டு ரெண்டு தடவை தட்டுங்க. கண்ணை மூடிக்கிட்டு எனக்கு ஒரு ரூபாய் அனுப்புங்க.” அவரால் முடியவில்லை. அடுத்த அப்டேட்டில் பட்டன்கள் பேசின.

இரண்டு மாதம் கழித்து டிசைன் மாற்றினார்கள், மறுபடி ஊமை. இந்த முறை அவருடைய மெயில் என்னிடம் இருந்ததால் இரண்டே நாளில் சரியானது. இப்போது நான் அவர்களுடைய பீட்டா டெஸ்டர், அப்டேட்டை வெளியிடும் முன்பே சோதித்துப் பார்ப்பவன்.

* * *

அண்ணா, எனக்கு நேர்ந்தது கம்ப்யூட்டரில். போட்டித் தேர்வுக்கான பயிற்சி மென்பொருள் ஒன்று காசு கொடுத்து வாங்கினேன். கம்ப்யூட்டர் திரையை வாசிக்கும் என்விடிஏ திறந்தால் தமிழ்க் கேள்வி ஒன்றும் புரியவில்லை. எழுத்தெழுத்தாக நகர்த்திக் கேட்டால் ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’ என்கிறது. பாமினி எழுத்துரு! கண்ணுக்கு அது ‘தமிழ்’, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. ஸ்கிரீன் ரீடர் உள்ளே இருப்பதைத்தானே படிக்கும்?

போன் செய்தால், “உங்க சாஃப்ட்வேர்லதான் கோளாறும்மா” என்றார்கள். 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் தொடங்கி, இன்றுவரை இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ மேலேயே பழி! அப்புறம், ஒரு பாடத்தை கன்வெர்ட்டரில் போட்டு உள்ளேயும் தமிழ் எழுத்தாகவே இருக்கும் யூனிகோடாக மாற்றி, என்விடிஏ அதை வாசிக்கும் ஆடியோவையும் சேர்த்து அனுப்பினேன். இவ்வளவு சுலபமா என்று கேட்டார்கள். புதிய பாடங்கள் யூனிகோடில் வருகின்றன. பழையவை அப்படியேதான் கிடக்கின்றன.

* * *

எல்லோரும் மெயிலுக்கு மசிவதில்லை சார். வாடிக்கையாளர் யாரென்று உறுதிசெய்யும் கேஒய்சிக்கு கேமரா முன் கண் சிமிட்டச் சொன்ன ஒரு நிறுவனத்தோடு ஆறு மாதம் மல்லுக்கட்டினேன். எப்போது சிமிட்ட வேண்டும் என்பது திரையில் மட்டும்தான் வரும், குரலில் வராது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைச் சொன்னபோதுகூட அசையவில்லை. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்றது. கண் சிமிட்டாமலும் கேஒய்சி முடிக்க வழி வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பை இணைத்து அனுப்பிய பிறகே ஒரு அதிகாரி என் எண்ணைக் கேட்டு வாங்கினார். முதல் மெயிலிலேயே சட்டம் பேசாதீர்கள், விஷயம் வக்கீல் மேஜைக்குப் போய்விடும், டெவலப்பர் கண்ணில் படாது. மூன்றாவது மெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அது சரி, அந்த ஒரு ரூபாய் வந்து சேர்ந்ததா சார்?

* * *

வந்தது, அப்டேட் வந்த அன்றே. கியூஆர் ஸ்கேன் பக்கம் மட்டும் இன்னும் பேசவில்லை. நேற்றுதான் ரெக்கார்டிங் அனுப்பினேன்.