புதுப்பிப்பு: வீட்டுக்குள் வைத்த மிளகாய்க் கன்றின் இலை வெளிறல் – காரணம் பிடிபட்டது

நவம்பரில் குளிருக்குப் பயந்து உள்ளே எடுத்த மூன்று மிளகாய்க் கன்றுகளின் இலைகள் புள்ளி புள்ளியாக வெளிறி உதிர்கின்றன என்று கேட்டிருந்தேன் (ரொறன்ரோ, தெற்கு ஜன்னல், கீழே ஹீற்றர்). பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

உரம் போடச் சொன்னவர்கள் கோவிக்க வேண்டாம், சத்துக் குறைவு இல்லை. வெள்ளைத் தாளை இலைக்குக் கீழே பிடித்துத் தட்டிப் பார்க்கச் சொன்ன அக்காதான் சரி. தூசி மாதிரி விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்க, தூசி நடக்கத் தொடங்கிவிட்டது! சிலந்திப்பேன் (இலைச்சாற்றை உறிஞ்சும் மிகச் சின்ன உயிர்). கிளைக்கவட்டில் மெல்லிய வலையும் இருந்தது. ஹீற்றரின் வறண்ட சூடு அதுக்குக் கொண்டாட்டம்.

மண்ணைப் பொலித்தீனால் மூடி, குளியல் தொட்டியில் சாய்த்து, இலைகளின் அடிப்பக்கத்தை ஷவரால் கழுவினேன். பிறகு பூச்சிக்கான சோப்புக் கரைசல், 5 நாளுக்கு ஒருமுறை, மொத்தம் 4 தடவை. சோப்பு முட்டையைக் கொல்லாது, அதனால் ஒரு தடவையோடு விடாதீர்கள். ஹீற்றரை விட்டுத் தள்ளியும் வைத்தேன். மூன்றாம் கிழமை வந்த தளிர்கள் சுத்தம். பழைய புள்ளிகள் மாறாது, அதைப் பார்த்து நானும் வீணாகக் கவலைப்பட்டேன்.

எதிர்பாராதது: ஒரு கன்றில் மட்டும் இலைக்கு அடியில் சீனி மணி மாதிரிப் பருக்கள். முட்டை என்று பயந்து நகத்தால் நசுக்கினால் வெறும் தண்ணீர். தண்ணீர் கூடிப்போனதால் வந்த வீக்கம். இப்போது மேல்மண் காய்ந்த பிறகுதான் ஊற்றுகிறேன்.