சம்பள நாள் கடனுக்குத் தடையற்ற சந்தையில் இடம் உண்டா?

கேட்டவர்: செழியன்77

அமெரிக்காவில் ‘பேடே லோன்’ என்று சொல்லும் சம்பள நாள் கடன் பற்றிய கேள்வி. 300 டாலர் வாங்கினால் இரண்டு வாரத்தில் 345 டாலராகக் கட்ட வேண்டும். ஆண்டு விகிதத்தில் பார்த்தால் 391 சதவீதம். இந்த விகிதத்தை ஒப்பந்தத்திலேயே எழுதித் தர வேண்டும் என்று 1968-இலேயே கூட்டாட்சிச் சட்டம் வந்துவிட்டது. வாங்குபவர் தெரிந்தே வாங்குகிறார், யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. அப்படியிருக்க, 36 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று சில மாநிலங்கள் வரம்பு போடுவது அப்பட்டமான விலைக் கட்டுப்பாடுதானே? சந்தைச் சுதந்திரத்தை ஆதரிப்பவர் இதை எந்த அடிப்படையில் ஏற்க முடியும்?

வட்டிக்கணக்கு

விலைக் கட்டுப்பாடுதான், அதில் சந்தேகமே வேண்டாம். கணக்கைப் பாருங்கள்: 300 டாலருக்கு 36 சதவீதத்தில் 14 நாள் வட்டி 4 டாலர் 14 சென்ட். கடை வாடகை, ஊழியர் சம்பளம், சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கையும் சரிபார்க்கும் வேலை, வராக்கடன் எல்லாம் இந்த நாலு டாலருக்குள் அடங்காது. 300 கொடுத்தாலும் 3,000 கொடுத்தாலும் சரிபார்க்கிற வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் இரண்டு வாரக் கடனுக்கு 36 சதவீத வரம்பு என்றால் நடைமுறையில் தடை என்றே பொருள். நெப்ராஸ்கா மக்கள் 2020-இல் வாக்களித்துக் கொண்டுவந்ததும், இல்லினாய் 2021-இல் சட்டமாக்கியதும் அதைத்தான். “வரம்பு போட்டால் கடன் மலிவாகும், ஆனால் தொடர்ந்து கிடைக்கும்” என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

ஆனால் ஒன்று. தடையற்ற சந்தைக் கருத்தின் முன்னோடியான ஆடம் ஸ்மித்தே வட்டிக்குச் சட்ட வரம்பு இருக்கட்டும் என்றவர். வரம்பு ரொம்ப உயரமாக இருந்தால் பணம் ஊதாரிகளிடமும் கனவுத் திட்டக்காரர்களிடமும் போய்ச் சேரும் என்பது அவர் கவலை. ஆங்கிலத் தத்துவவாதி பெந்தம் 1787-இல் அதை மறுத்து எழுதினார். ஆகவே இந்தச் சண்டை சந்தைவாதிகள் வீட்டுக்குள்ளேயே தொடங்கியது.

நிலுவை

“தெரிந்தே வாங்குகிறார்” என்ற இடத்தில் கொஞ்சம் நிற்போம். வட்டி விகிதத்தை விட்டுவிட்டு, பணம் எப்படித் திரும்ப வருகிறது என்று பாருங்க.

கடன் வாங்கும்போதே பின்தேதியிட்ட காசோலை கொடுக்கணும், இல்லையென்றால் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ள அனுமதி கொடுக்கணும். சம்பளம் விழுந்த அன்றே, வீட்டு வாடகைக்கும் மளிகைக்கும் முன்னால் கடன் கொடுத்தவர் கை உள்ளே போகுது. இருப்பு போதலைன்னா எடுப்பு திரும்பும், வங்கி அதற்கு ஒரு அபராதம் போடும். உடனே 345-ஐ மூன்று துண்டாக்கி மறுபடி முயற்சி செய்வது உண்டு. ஒவ்வொன்றும் திரும்பினால் ஒவ்வொன்றுக்கும் அபராதம். அது கடன் கொடுத்தவருக்குச் செலவில்லை, வாங்கியவர் தலையில்தான் விழும்.

சாதாரணச் சந்தையில், கட்ட முடியாதவருக்குக் கடன் கொடுத்தவர் நஷ்டப்படுவார். அந்தப் பயம்தான் அவரை விசாரித்துக் கொடுக்க வைக்குது. வரிசையில் முதல் ஆளாக நின்று எடுத்துக்கொள்ள முடிந்தால் அந்தப் பயமே இல்லை. என் பார்வையில் கோளாறு இங்கேதான் இருக்கு, 391-இல் இல்லை.

போட்டி விலையைக் குறைக்கும் என்பதும் இங்கே வேலை செய்யலை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஆரம்பத்தில் கடைக்குக் கடை கட்டணம் வேறுபட்டது. சில ஆண்டுகளில் பெரும்பாலான கடைகள் சட்டம் அனுமதித்த உச்சத்திலேயே வந்து நின்றன. இன்று மாலைக்குள் பணம் வேணும் என்று வருகிறவர் நாலு கடை ஏறி விலை விசாரிக்க மாட்டார். பக்கத்தில் எந்தக் கடை திறந்திருக்கு என்றுதான் பார்ப்பார்.

புதுப்பிப்பு இன்னொரு பக்கம். 45 டாலர் கட்டினால் இன்னும் இரண்டு வாரம் தவணை, அசல் 300 அப்படியே நிற்கும். எட்டு முறை புதுப்பித்தால் 360 டாலர் போயிருக்கும், அசலில் ஒரு சென்ட் குறைந்திருக்காது. அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட கடன்கள் 14 நாளுக்குள் புதுப்பிக்கப்பட்டன அல்லது அடுத்த கடனாகத் தொடர்ந்தன. வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது எத்தனை முறை புதுப்பிக்க நேரும் என்பது. அது ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை.

செழியன்77

வசூல் முறைதான் கோளாறு என்ற வாதம் எனக்குப் புதிது, யோசிக்க வைக்கிறது. விலையைத் தொடாமல் அதை மட்டும் சரிசெய்த இடம் எங்காவது உண்டா?

தேம்ஸ்கரை

முழுக்க அப்படி என்று இல்லை, கலவையாக உண்டு.

கொலராடோ 2010-இல் குறைந்தபட்சம் ஆறு மாதக் காலக்கெடு என்று மாற்றியது. தவணையாகக் கட்டலாம், முன்னதாக அடைத்தாலும் அபராதம் கிடையாது. கடைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன, ஆனால் மிச்சக் கடைகளில் கடன் தொடர்ந்து கிடைத்தது. பிறகு 2018-இல் மக்கள் வாக்களித்து 36 சதவீதத்துக்கே போய்விட்டார்கள்.

பிரிட்டன் இரண்டையும் செய்தது. 2014 ஜூலையில் புதுப்பிப்பு இரண்டு முறைக்கு மேல் கூடாது, கணக்கிலிருந்து எடுக்கும் முயற்சி இரண்டு முறை தோற்றால் நிறுத்த வேண்டும் என்றார்கள். 2015 ஜனவரி 2 முதல் விலை வரம்பு: நாளுக்கு 0.8 சதவீதம், தவறினால் அதிகபட்சம் 15 பவுண்டு, மொத்தச் செலவு அசலைத் தாண்டக் கூடாது. 200 பவுண்டை 30 நாளுக்கு வாங்கினால் கட்டணம் 48-க்கு மேல் போகாது. எவ்வளவு இழுத்தாலும் மொத்தம் 400-ஓடு நின்றுவிடும். 2018 ஆகஸ்டில் வோங்கா என்ற பிரிட்டிஷ் சம்பள நாள் கடன் நிறுவனம் மூழ்கியதற்கு இந்த வரம்பை மட்டும் காரணம் சொல்வது சரியல்ல. கட்டும் திறனைப் பார்க்காமல் கொடுத்த பழைய கடன்களுக்காக இழப்பீட்டுக் கோரிக்கைகள் குவிந்தன.

இதில் இரண்டு முயற்சி விதி விலைக் கட்டுப்பாடே அல்ல. இன்னொருவர் கணக்கில் எத்தனை முறை கைவைக்கலாம் என்பது சொத்துரிமை பற்றிய விதி, தடையற்ற சந்தைக்கு அடித்தளமே அதுதான். அமெரிக்காவும் 2017-இல் இதே போன்ற விதியை எழுதியது. கட்டும் திறனைச் சரிபார்க்கும் பகுதியை 2020-இல் நீக்கினார்கள். வசூல் பகுதி அமலுக்கு வரவிருந்த 2025 மார்ச்சில், அதன் அமலாக்கத்துக்கு முன்னுரிமை தரப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். விலையைத் தொடாத விதியையே கைவிட்டது எனக்கு ஏற்கவே முடியாத முடிவு.

வட்டிக்கணக்கு

இந்தியாவில் கடன் செயலிகளைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே பிடி வங்கிக் கணக்கில் மட்டும் இல்லை, போனில் உள்ள தொடர்பு எண்களிலும் இருந்தது. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் வழிகாட்டுதலில் அந்த எண்களை எடுப்பதற்குத் தடை விதித்தது. ஆண்டு மொத்தச் செலவு விகிதத்தோடு முக்கிய விவர அறிக்கை தர வேண்டும் என்றும் சொன்னது.

அந்த விகிதத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, 10,000 ரூபாய் கடன், செயலாக்கக் கட்டணம் 1,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 180. பிடித்தம் போகக் கையில் வருவது 8,820. 30 நாளில் 3 சதவீத வட்டியோடு கட்டுவது 10,300. ஆக 8,820-க்கு 1,480 செலவு. அது மாதத்துக்கு 16.8 சதவீதம், ஆண்டுக்கு 204. விளம்பரத்தில் “மாதம் 3 சதவீதம்” என்றுதான் இருக்கும். எப்போதும் கையில் வந்த தொகையால் வகுங்கள், ஒப்பந்தத்தில் எழுதிய தொகையால் அல்ல.