சளி ஆரம்பிக்கும்போதே தைலம்: நிஜமாகவே பலன் உண்டா?

குளிர்காற்று:
தொண்டை கரகரக்க ஆரம்பித்த உடனே டிஃப்யூசரில் (எண்ணெயை ஆவியாக்கி அறையில் பரப்பும் கருவி) யூகலிப்டஸ் தைலமும் புதினா எண்ணெயும் விட்டுவிடுவேன். நெஞ்சிலும் முதுகிலும் கொஞ்சம் தைலம் தேய்த்துக்கொண்டு, ராத்திரி ஆவி பிடித்துவிட்டுப் படுத்தால் மூக்கடைப்பு சட்டென்று விடும், தூக்கமும் வரும். முதல் தும்மலிலேயே இப்படிப் பிடித்துவிட்டால் சளி நெஞ்சுக்கு இறங்காது. இதைச் சொன்னாலே "மூடநம்பிக்கை" என்று பாய ஒரு கூட்டம் தயாராக இருக்கிறது. இந்த எண்ணெய்கள் கிருமியைக் கொல்கின்றன என்று ஆய்வகத்திலேயே பார்த்திருக்கிறார்களே, அப்புறம் என்ன பிரச்சினை?

மருந்தாளுநர்:
பாய வரவில்லை. ஆனால் இரண்டு விஷயத்தை ஒன்றாக்கிவிட்டீர்கள். மூக்கு திறந்த மாதிரி தோன்றுவது ஒன்று, நோய் இறங்காமல் தடுப்பது வேறு.

முதலாவதை நான் மறுக்கவே இல்லை. மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்று ஒரு ஏற்பி, அதாவது குளிர்ச்சியை உணர்ந்து நரம்புக்குச் சொல்லும் புரதம், இருக்கிறது, 2002-ல் அடையாளம் கண்டார்கள். மெந்தால் அதைத் தூண்டுகிறது, உடனே நிறையக் காற்று போய்வருவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ஜலதோஷம் பிடித்தவர்களுக்கு மெந்தால் கொடுத்து, மூக்கடைப்பைக் கருவி வைத்து அளந்தார்கள். "இப்போது நன்றாக மூச்சு வருகிறது" என்றார்கள் அவர்கள். கருவியில் அடைப்பு அப்படியேதான் இருந்தது.

கிருமி விஷயம்: ஆய்வகத் தட்டில் எண்ணெய் கிருமிமேல் நேராகப் படுகிறது. அறைக் காற்றில் கலந்து மூச்சில் வருவது அதில் மிகச் சிறு பங்கு. அதே செறிவை மூச்சுக்குழாய்க்குள் கொண்டுபோனால் கிருமிக்கு முன்னால் உங்கள் சவ்வுதான் புண்ணாகும். "நெஞ்சுக்கு இறங்கவில்லை" என்கிறீர்கள், சரி, சாதாரண ஜலதோஷம் பெரும்பாலும் எதுவும் போடாமலே 7 முதல் 10 நாளில் போய்விடும், நெஞ்சுக்கு இறங்குவதும் இல்லை. தைலம் போட்டதால்தான் இறங்கவில்லை என்று எப்படிப் பிரித்துச் சொல்வீர்கள்?

குளிர்காற்று:
மூக்கு அடைப்பது கருவிக்கா, எனக்கா சார்? எனக்கு மூச்சு விடுவதாகத் தோன்றினால் தூக்கம் வரும், எனக்கு வேண்டியது அதுதான். பாராசிட்டமால் எந்த வைரஸைக் கொல்கிறது? வலியையும் காய்ச்சலையும் குறைக்கிறது, அவ்வளவுதான். அதை மட்டும் யாரும் கிண்டல் செய்வதில்லை.

நடுநிசி:
இந்தப் பாராசிட்டமால் வாதம் சரியான வாதம், மருந்தாளுநர் இதைத் தாண்டிப் போக முடியாது. அதோடு "வெறும் தோற்றம்" என்று மொத்தமாகத் தள்ளவும் முடியாது. யூகலிப்டஸ் தைலத்தின் முக்கியப் பொருள் சினியோல். 2004-ல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில், சைனஸ் அழற்சி புதிதாக வந்த 152 பேரில் பாதிப் பேருக்கு சினியோல், மீதிப் பேருக்கு வெற்று மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், தலைவலி, அடைப்பு இரண்டும் சினியோல் எடுத்தவர்களுக்கு அதிகம் குறைந்தது. அங்கே இது மருந்துக்கடையில் மாத்திரையாகவே கிடைக்கிறது. 2010-ல் அமெரிக்காவில் 2 முதல் 11 வயது வரையிலான 138 குழந்தைகளை வைத்து இன்னொன்று செய்தார்கள். கற்பூரம், மெந்தால், யூகலிப்டஸ் கலந்த களிம்பு ஒரு குழுவுக்கு, வெறும் வாசலின் ஒரு குழுவுக்கு, மூன்றாவது குழுவுக்கு எதுவுமில்லை. களிம்பு தடவிய குழந்தைகளுக்கு ராத்திரி இருமல் குறைந்து தூக்கம் நன்றாக வந்ததாகப் பெற்றோர் சொன்னார்கள்.

மருந்தாளுநர்:
இரண்டும் எனக்குத் தெரியும். முதல் ஆய்வில் கொடுத்தது வேளைக்கு 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, அளந்து அடைத்த கேப்ஸ்யூல், அதை விழுங்கினார்கள். டிஃப்யூசரில் விட்ட நாலு சொட்டுக்கு அந்த முடிவை எடுத்துப் பொருத்த முடியாது. இதில் எனக்கு இன்னொரு பயமும் உண்டு: "வயிற்றுக்குள் போனால் வேலை செய்கிறதாமே" என்று யாராவது பாட்டிலைத் திறந்து ஒரு ஸ்பூன் குடித்துவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம்.

இரண்டாவதில் வாசனையை மறைக்க முடியவில்லை, எது களிம்பு என்று பெரும்பாலான பெற்றோர் சரியாக ஊகித்துவிட்டார்கள். மூக்கு ஒழுகுவது குறையவில்லை. களிம்பு தடவிய சில குழந்தைகளுக்குத் தோல் எரிச்சலும் வந்தது. ஆனாலும் தூக்கத்துக்கு உதவுகிறது என்பதை ஏற்கிறேன், பாராசிட்டமால் வாதத்தையும் ஏற்கிறேன். ஒரே வித்தியாசம், பாராசிட்டமால் அட்டையில் "சளி நெஞ்சுக்கு இறங்காமல் தடுக்கும்" என்று எழுதியிருக்காது.

இழுப்புக்காரி:
நீங்கள் எல்லாரும் மூக்கடைத்தவரைப் பற்றியே பேசுகிறீர்கள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றியும் கொஞ்சம் பேசுங்கள். எனக்கு ஆஸ்துமா. வேலை செய்யும் இடத்தில் யாருக்காவது தொண்டை கரகரத்தால் போதும், மேஜைமேல் டிஃப்யூசர் வந்துவிடும், கொஞ்ச நேரத்தில் நான் இன்ஹேலரைத் தேட வேண்டியிருக்கும். கேட்டால் "இயற்கையானதுதானே" என்பார்கள்.

குளிர்காற்று:
அக்கா, அது செயற்கை வாசனை கலந்த மலிவு எண்ணெயாக இருக்கும். சுத்தமான எண்ணெய் அப்படிச் செய்யாது.

இழுப்புக்காரி:
என் மூச்சுக்குழாய் லேபிளைப் படித்துவிட்டா சுருங்குகிறது? சுத்தமான எண்ணெயிலும் லிமோனீன் போன்ற ஆவியாகும் பொருள்கள் இருக்கின்றன, அவை காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் வாயு உருவாகும். அதுவும் ஜன்னல் எல்லாம் சாத்திய அறையில்!

சாம்பல்பூனை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பத்து மாதக் குழந்தைக்கு மூக்கு அடைத்திருக்கிறது. ஒரே ஒரு சொட்டு தலையணையில் விடலாமா? சிலர் மூக்கு நுனியில் தடவச் சொல்கிறார்கள்.

மருந்தாளுநர்:
மூக்கு நுனியில் கண்டிப்பாக வேண்டாம். மெந்தால் நேராகப் பட்டால் கைக்குழந்தைக்குக் குரல்வளை இறுகி மூச்சே நிற்கலாம். நெஞ்சில் தேய்க்கும் களிம்பைக்கூட 2 வயதுக்குக் கீழே போட வேண்டாம் என்றுதான் அதன் லேபிளிலேயே இருக்கும். தலையணைச் சொட்டும் வேண்டாம், அந்த வயதுக் குழந்தைக்குத் தலையணையே தேவையில்லை. உப்புநீர்ச் சொட்டு மருந்து விட்டு மூக்கைச் சுத்தம் செய்யுங்கள், அடிக்கடி பால் கொடுங்கள். மூச்சு வாங்கினால், விலா எலும்புக்கு இடையே உள்ளிழுத்தால், பால் குடிக்காவிட்டால் உடனே டாக்டரிடம் போங்கள்.

பாட்டிலை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். யூகலிப்டஸ் தைலமோ கற்பூர எண்ணெயோ ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம். அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேரே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஆவி பிடிக்கும் பாத்திரத்தையும் குழந்தைப் பக்கம் கொண்டுவராதீர்கள், கொதிநீர் கொட்டிச் சுட்டுக்கொண்டு வரும் குழந்தைகள் அதிகம்.

சாம்பல்பூனை:
நன்றி. பூனையும் இருக்கிறது, அதையும் கேட்டுவிடுகிறேன்.

நடுநிசி:
அப்படியென்றால் டிஃப்யூசரை எடுத்தே வைத்துவிடுங்கள். இந்த எண்ணெய்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. டீ ட்ரீ எண்ணெய் அதற்கு விஷம்.

குளிர்காற்று:
குழந்தைக்கு வேண்டாம் என்பது சரி, நான் பேசியது பெரியவர்களைப் பற்றி. தைலமும் போட்டுக்கொண்டு, தேவைப்பட்டால் டாக்டரையும் பார்த்தால் என்ன குறை? ஏன் இதை ஏதோ ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது மாதிரிப் பேசுகிறீர்கள்?

மருந்தாளுநர்:
பார்த்தால் எனக்குச் சண்டையே இல்லை. பார்க்காமல் தள்ளிப்போடுகிறவர்களைத்தான் கடையில் தினமும் பார்க்கிறேன். இன்ஃப்ளூயன்ஸாவுக்கு (ஃப்ளூ காய்ச்சல்) ஓசெல்டமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுப்பதென்றால் அறிகுறி ஆரம்பித்து 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். வயதானவர், சர்க்கரை நோயாளி, கர்ப்பிணி இவர்களுக்கு அந்த இரண்டு நாள் ரொம்ப முக்கியம். "இப்போதுதானே ஆரம்பம், தைலத்தில் அடங்கிவிடும்" என்று அந்த இரண்டு நாளைத்தான் கோட்டைவிடுகிறார்கள். விற்கிறவர்களும் சும்மா இருப்பதில்லை. எபோலாவுக்கே இந்த எண்ணெய் நல்லது என்று பேசி விற்றதற்காக 2014-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது, 2020-ல் கொரோனாவுக்கும் அதே கதை.

குளிர்காற்று:
விற்கிறவர்கள் செய்கிற தப்புக்கு நான் என்ன செய்ய? ராத்திரி தைலம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போடுகிறேன், போதுமா அக்கா?

இழுப்புக்காரி:
கதவுக்கடியில் இடைவெளி இருக்குமே. டிஃப்யூசரை விடுங்கள், நெஞ்சில் மட்டும் தேய்த்துக்கொள்ளுங்கள்.